வீடு மீளும் வழி

நுழையும்முன்

போரின் வெற்றி தோல்விகளை வரலாறு எழுதுகிறது. போரால் ஒரு குடும்பம் இழந்த நிலம், படகு, கறவை மாடு, பள்ளிச் சான்றிதழ், உழைக்கும் கை ஆகியவற்றின் கணக்கை அக்குடும்பமே பல்லாண்டுகள் சுமக்கிறது. போர் ஓய்ந்தபின் பல நாடுகளிலிருந்தும் உதவிகள் வருகின்றன. ஓர் உதவி வறுமையைத் தீர்ப்பதும், மற்றோர் உதவி அதனை நீட்டிப்பதும் ஏன்? இலங்கையின் வடக்கு, கிழக்குப் பகுதிகளின் பட்டறிவு வழியாக இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

சந்தையை நம்பிய வீடு

தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் இடையிலான சாலையில் அமைந்த ஊர் பாவூர்சத்திரம். சுற்றியுள்ள சிற்றூர்களில் விளையும் காய்கறிகள் அவ்வூர்ச் சந்தைக்கு வந்து சேர்கின்றன. அங்கிருந்து அவை சரக்கு வண்டிகளில் ஏறிச் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கும் செல்கின்றன. அச்சந்தையை நம்பி ஓர் ஏக்கரில் சின்ன வெங்காயம் பயிரிடும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம்.

அக்குடும்பத்தின் வாழ்வு அந்த ஓர் ஏக்கரை மட்டும் சார்ந்ததன்று. கிணற்றில் நீர் வேண்டும். நீரை இறைக்க மின்சாரம் வேண்டும். விதை வெங்காயமும் உரமும் உரிய நாளில் கிடைக்கவேண்டும். விளைந்ததைக் கொண்டுசெல்லச் சாலை திறந்திருக்கவேண்டும். விலை வீழ்ந்த ஆண்டில் முன்பணம் தந்து தாங்கும் வணிகர் வேண்டும். மழை பொய்த்தால் அடகு வைக்க ஓரிரு நகைகள் வேண்டும். நிலம் தமக்குரியது என்று காட்டப் பட்டா வேண்டும். ஓய்ந்த நேரத்தில் பீடி சுற்றி ஈட்டும் சிறு வருவாய் மளிகைச் செலவுக்கு உதவவேண்டும். இவை அனைத்தும் அமைதியான நாட்டில் இயல்பாக இருப்பதால், இவற்றை ஒருவரும் செல்வம் என்று கணக்கிடுவதில்லை.

இவற்றுள் ஒன்று குறைந்தால் அவ்வாண்டு துன்பமாகக் கழியும். அடுத்த விளைச்சலில் குடும்பம் நிமிர்ந்துவிடும். நகை அடகுக்குப் போகும், பின்னர் மீட்கப்படும். ஆனால் இவை யாவும் ஒரே நாளில் மறைந்தால் அக்குடும்பம் எவ்வாறு மீளும்? கடலுக்கு அப்பால், இதே சின்ன வெங்காயத்தைச் செம்மண் தோட்டங்களில் கிணற்று நீர் பாய்ச்சி விளைவித்த யாழ்ப்பாணத்து உழவர்க்கு இந்நிலையே நேர்ந்தது.

பழந்தமிழர் கண்ட போர்

போர் குடிமக்களின் வீட்டைத் தாக்கும் என்பதைத் தமிழ் இலக்கண மரபு மறைக்கவில்லை. பகைவர் நாட்டைத் தீக்கிரையாக்குவதை ‘எரிபரந்தெடுத்தல்’ என்று வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் கூறுகிறது. பகைவர் நாட்டைக் கொள்ளையிடுவதை ‘மழபுல வஞ்சி’ என்றும், எரியூட்டுவதை ‘உழபுல வஞ்சி’ என்றும் புறப்பொருள் வெண்பாமாலை பெயரிடுகிறது. கணவனை இழந்த பெண்ணின் நோன்பு வாழ்வைத் ‘தாபதநிலை’ என்னும் துறை பாடுகிறது; அவளது உணவே மாறிவிடுவதைப் புறநானூற்றுப் பாடல்கள் காட்டுகின்றன.

களத்தின் வீரத்தைப் பாடிய அதே மரபு, எரிந்த வயலையும் மாறிப்போன உணவையும் துறைகளாக வகுத்துள்ளது. இன்றைய பொருளியலாளர் ‘குடும்ப வறுமை’ என்று ஆராயும் பொருளின் இரு முனைகள் இவை. ஒன்று, ஈட்டும் வழியின் அழிவு. மற்றொன்று, ஈட்டும் ஆளின் இழப்பு.

போர் வறுமையாக்கும் முறை

இலங்கையில் 1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழர்க்கு எதிராக நிகழ்ந்த வன்முறையைத் தொடர்ந்து, அரசுப் படைகளுக்கும் விடுதலைப் புலிகள் உள்ளிட்ட இயக்கங்களுக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் முற்றியது. இடையிடையே சில அமைதி உடன்பாடுகள் ஏற்பட்டாலும் 2009ஆம் ஆண்டு மே திங்கள்வரை அது நீடித்தது. அந்த இருபத்தாறு ஆண்டுகளில் ஒரு குடும்பம் வறுமைக்குள் தள்ளப்பட்ட வழிகளை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, வழி அடைபடுதல். குண்டு விழாத ஊரிலும் போர் வறுமையை விளைவிக்கும். 1990 முதல் வடக்கே எரிபொருள், உரம், சிமெந்து உள்ளிட்ட பல பொருள்களைக் கொண்டுசெல்லத் தடை விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்தையும் நாட்டின் பிற பகுதிகளையும் இணைத்த ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது. அதே ஆண்டில் யாழ்தேவித் தொடர்வண்டியும் யாழ்ப்பாணம் செல்வதை நிறுத்தியது. மண்ணெண்ணெயின் விலை பன்மடங்கு உயர்ந்ததால், இறைப்புப் பொறி கொண்டு கிணற்று நீர் பாய்ச்சிய உழவர் பயிர்ப்பரப்பைச் சுருக்கினர். விளைந்ததைக் கொழும்புச் சந்தைக்கு அனுப்ப வழியில்லை. கடலுக்குச் செல்லும் நேரமும் தொலைவும் கட்டுப்படுத்தப்பட்டதால் மீனவர் கரையிலேயே இருந்தனர். விற்கும் பொருளுக்கு விலையில்லை; வாங்கும் பொருளோ எட்டாத விலையில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் சேமிப்பு கரைந்தது.

இரண்டாவது, இடம்பெயர்வு. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முசுலிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். தலைமுறைகளாக நடத்திய கடைகளையும் வயல்களையும் விட்டு, கையில் எடுக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் புத்தளம் முதலிய பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். 1995ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரும் வலிகாமமும் ஏறத்தாழ முழுவதுமாக ஒரே நேரத்தில் வெறுமையாயின. போரின் இறுதிக் காலத்தில் வன்னிப் பகுதியின் குடும்பங்கள் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமுறை இடம்பெயர்ந்தன. முதல் இடப்பெயர்வில் வண்டி நிறையப் பொருள்களுடன் புறப்பட்ட குடும்பம், இறுதியில் ஒரு பையுடன் வெளியேறியது. கால்நடைகள் அவிழ்த்துவிடப்பட்டன, நகைகள் அரிசிக்கு மாறின. ஒவ்வொரு பெயர்வும் முந்தைய பெயர்வில் காத்த பொருளில் ஒரு பகுதியைப் பறித்துக்கொண்டது.

மூன்றாவது, ஆள் இழப்பு. உழைத்தவர் இறந்தாலோ, உறுப்பு இழந்தாலோ, காணாமற்போனாலோ குடும்பத்தின் வருவாய் குன்றுகிறது, செலவோ குன்றுவதில்லை. பல்லாயிரம் பெண்கள் தனித்து நின்று குடும்பத்தைத் தாங்க நேர்ந்தது. காணாமற்போனவரின் மனைவிக்கு மற்றோர் இடரும் உண்டு. கணவர் இறந்தார் என்னும் சான்று இல்லை. ஆகவே நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றவோ வங்கிக் கணக்கைக் கையாளவோ இயலவில்லை. இறப்புச் சான்று பெறவும் அவர் மனம் ஒப்பவில்லை. இந்நிலையை உணர்ந்தே 2016ஆம் ஆண்டில் ‘காணக்கிடைக்காமைச் சான்றிதழ்’ வழங்க இலங்கை நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு தாள் இல்லாமையும் வறுமைக்குக் காரணமாகும் என்பதற்கு இது சான்று.

நான்காவது, காலமும் திறனும் அழிதல். பத்தாண்டுகள் பயிரிடப்படாத நிலம் காடாகிறது; கண்ணிவெடி புதைக்கப்பட்ட நிலத்தில் கால் வைக்கவே இயலாது. கிளிநொச்சி மாவட்டத்தின் முகமாலையில் போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும் வெடியகற்றும் பணி தொடர்ந்தது. பள்ளி இடைநின்ற சிறுவர், போர் ஓய்ந்தபோது எத்தொழிலும் கற்காத இளைஞராக இருந்தனர். தந்தையிடமிருந்து மகன் கற்கவேண்டிய வலை முடிதலும், மண்ணறிந்து விதைத்தலும் ஒரு தலைமுறைக்குக் கைமாறாமல் போயின.

இந்நான்கும் சேர்ந்தே போர்க்கால வறுமையை ஏனைய வறுமையிலிருந்து வேறுபடுத்துகின்றன. வறட்சி ஓராண்டின் வருவாயைக் குறைக்கிறது. போரோ வருவாய் ஈட்டும் கருவிகளையே அழிக்கிறது. ஆகவே மழை பெய்ததும் வறட்சி நீங்குவதுபோலத் துப்பாக்கி ஓய்ந்ததும் வறுமை நீங்கிவிடுவதில்லை.

தெரிந்து தெளிவோம்

உலக வங்கி வெளியிட்ட 2011ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கை போர்களையும் வன்முறைகளையும் ஆராய்ந்தது. 1981 முதல் 2005 வரை பெரும் வன்முறைக்கு உள்ளான நாடுகளின் வறுமை விகிதம், வன்முறை நிகழாத நாடுகளைவிடச் சராசரியாக 21 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுந்திருந்ததாக அது கூறுகிறது.

கடல் கடந்த வீடுகள்

1983 முதல் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர் பல கட்டங்களாகத் தமிழ்நாட்டில் அடைக்கலம் புகுந்தனர். மன்னார்க் கரையிலிருந்து இராமேசுவரம் வரும் படகில் ஓர் இடத்திற்காகப் பலர் தம்மிடம் எஞ்சிய நகையை விற்றனர். அவர்களுக்காகத் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் முகாம்கள் அமைந்தன. பாவூர்சத்திரம் இடம்பெற்றுள்ள தென்காசி மாவட்டத்திலும், கடையநல்லூரை அடுத்த போகநல்லூரில் அத்தகைய முகாம் உள்ளது.

முகாமில் அரசு தங்குமிடமும் மாத உதவித்தொகையும் குறைந்த விலையில் அரிசியும் வழங்கியது. பசி தீர்ந்தது; பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். எனினும் குடியுரிமை இல்லாததால் அரசுப் பணி, சொத்துரிமை முதலியன எட்டாமலிருந்தன. ஆண்களுள் பலர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் கூலித் தொழிலையே நம்பினர். உதவித்தொகை உயிரைக் காத்தது. ஆனால் வாழ்வை முன்னே நகர்த்தும் உரிமை அதனுடன் வரவில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப ஏதிலியரே முயன்றதும் குறிப்பிடத்தக்கது. 1984இல் சா. செ. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், ஏதிலியரையே ஊழியராகக் கொண்டு கல்வி, உடல்நலம், தொழிற்பயிற்சி ஆகியவற்றில் ஈடுபட்டது. தாயகம் திரும்பும் நாளுக்குத் தேவைப்படும் திறன்களை முகாமிலேயே வளர்க்க வேண்டும் என்பது அதன் நோக்கமாக இருந்தது.

2021ஆம் ஆண்டு ஆகத்து திங்களில் தமிழ்நாட்டு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின், 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். அவற்றுள் பழுதடைந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டமும் ஒன்று. குடும்பத் தலைவர்க்கு மாதந்தோறும் வழங்கப்பட்ட 1,000 ரூபாய் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ‘அகதிகள் முகாம்’ என்னும் பெயரும் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. அகதி என்னும் சொல் கதியற்றவர் எனப் பொருள்படும். மறுவாழ்வு என்பதோ மீண்டும் வாழத் தொடங்குபவரைச் சுட்டும்.

அயல்நாட்டு உதவியும் அதன் வழிகளும்

ஒரு நாட்டின் அரசோ பன்னாட்டு அமைப்போ மற்றொரு நாட்டு மக்களுக்கு வழங்கும் பணம், பொருள், கடன், தொழில்நுட்பம் ஆகியவை அயல்நாட்டு உதவி எனப்படும். போரில் சிதைந்த மேற்கு ஐரோப்பாவை எழுப்ப அமெரிக்கா 1948இல் தொடங்கிய மார்சல் திட்டம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 1,300 கோடி டாலர் அதன்வழி வழங்கப்பட்டது. செல்வந்த நாடுகள் தம் நாட்டு வருமானத்தில் 0.7 விழுக்காட்டை வளர்ச்சி உதவிக்கு அளிக்கவேண்டும் என்னும் இலக்கை ஐக்கிய நாடுகள் பொது அவை 1970இல் ஏற்றது. மிகச் சில நாடுகளே அவ்விலக்கை எட்டியுள்ளன.

உதவி வருவது மட்டும் போதாது. அது வீட்டுவாயில்வரை சென்று சேரவேண்டும். இலங்கையின் அமைதிப் பேச்சுக் காலத்தில், 2003ஆம் ஆண்டு சூன் திங்களில் டோக்கியோவில் கூடிய உதவி நாடுகள் 450 கோடி டாலர் வழங்க உறுதியளித்தன. அமைதி முயற்சியின் முன்னேற்றத்துடன் அவ்வுதவி இணைக்கப்பட்டிருந்தது. பேச்சோ தேங்கியது, அமைதியின் பயனாக வடக்கு, கிழக்கு மக்கள் எதிர்பார்த்த மாற்றமும் தேங்கியது.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரைகளைத் தாக்கியது. உலகெங்கும் இருந்து உதவிகள் குவிந்தன. அவற்றைப் போர்ப்பகுதிகளில் பகிர்ந்தளிக்க, அரசும் விடுதலைப் புலிகளும் 2005ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒரு பொதுக் கட்டமைப்புக்கு உடன்பட்டன. அடுத்த திங்களிலேயே அதன் முதன்மைக் கூறுகளுக்கு உயர்நீதிமன்றம் தடை விதித்தது. கட்டமைப்பு செயற்படவே இல்லை. பணம் இருந்தும் அதனைப் பகிரும் வழி இல்லாமற்போனது. அலையில் படகை இழந்த மீனவர் எந்த அதிகாரத்தின் கீழ் வாழ்ந்தார் என்பதும் அவருக்குக் கிடைத்த உதவியைத் தீர்மானித்தது.

இத்தகைய பட்டறிவுகளைப் பல நாடுகளில் தொகுத்து ஆராய்ந்தவர் மேரி ஆண்டர்சன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர். போர்ச்சூழலில் நுழையும் எந்த உதவியும் அப்போரின் ஒரு பகுதியாகிவிடுகிறது என்று 1999இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். யாருக்குக் கொடுப்பது, யார் வழியாகக் கொடுப்பது என்னும் முடிவுகள் மக்களிடையே உள்ள பிளவை ஆழமாக்கவும் கூடும், இணைக்கவும் கூடும். ஆகவே உதவுவோர் முதலில் தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

உதவியின் இன்னொரு வடிவம் எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறுவதில்லை. கனடா, பிரித்தானியா, சுவிட்சர்லாந்து முதலிய நாடுகளுக்குப் புலம்பெயர்ந்தவர்கள் தம் உறவினர்க்கு அனுப்பும் பணமே அது. போரின் கொடிய ஆண்டுகளில் பல வீடுகளின் அடுப்பு அப்பணத்தால் எரிந்தது. ஆனால் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீட்டுக்கு அவ்வழி இல்லை. பயணச் செலவைத் திரட்ட முடிந்த குடும்பங்களிலிருந்தே பெரும்பாலும் மக்கள் தொலைநாடுகளுக்குச் சென்றனர். எனவே ஒரே தெருவில் மாடி வீடும் கிடுகுக் குடிசையும் அருகருகே எழுந்தன.

வீட்டைக் கட்டியவர்கள்

2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்தின் மெனிக் பண்ணை உள்ளிட்ட முகாம்களில் இருந்தனர். மெனிக் பண்ணை 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்கள் கண்டது கூரையற்ற சுவர்களையும், சுவரற்ற அடித்தளங்களையும்தான்.

இந்தியா முதலில் இரண்டரை இலட்சம் குடும்பங்களுக்கான நிவாரணப் பொதிகளை அனுப்பியது. பின்னர் உழவுக்கு 500 இழுவை இயந்திரங்களும், ஊர் திரும்பியோர்க்கு 10,000 மிதிவண்டிகளும் வழங்கப்பட்டன. பேருந்து ஓடாத ஊர்களில் மிதிவண்டி என்பது பள்ளிக்கும் வயலுக்கும் சந்தைக்கும் செல்லும் வழியாகும்.

இவற்றுள் பெரியது 50,000 வீடுகள் கட்டும் திட்டம். 1,372 கோடி இந்திய ரூபாய் மதிப்பிலான இத்திட்டம் கடனன்று, கொடை. 1,000 வீடுகள் கொண்ட முன்னோடிக் கட்டம் ஒப்பந்தக்காரர் வழியாகக் கட்டப்பட்டது. 2012ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாற்றப்பட்டது. வீட்டுக்கு 5,50,000 இலங்கை ரூபாய், பணி முன்னேற முன்னேறத் தவணைகளாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. வீட்டைக் கட்டும் பொறுப்பு வீட்டுக்குரியவரிடமே விடப்பட்டது. ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு, செஞ்சிலுவை அமைப்பு முதலியன தொழில்நுட்ப வழிகாட்டலை வழங்கின.

இம்முறையின் பயன் கட்டடத்தோடு முடியவில்லை. சமையலறை எத்திசையில் அமையவேண்டும், கிணற்றை நோக்கி வாயில் வைப்பதா சாலையை நோக்கி வைப்பதா என்பனவற்றை அக்குடும்பமே முடிவு செய்தது. பிறர் கட்டிய முகாம்களில் பிறர் வகுத்த வரிசைகளில் நின்ற மக்கள், பல்லாண்டுகளுக்குப் பின் தம் வாழ்வைப் பற்றிய முடிவைத் தாமே எடுத்தனர். கணவரை இழந்த பெண்கள் மணல் விலை பேசினர். கொத்தனாரிடம் கணக்குக் கேட்டனர். உள்ளூர்த் தொழிலாளர்க்கு வேலையும் கிடைத்தது.

எனினும் இத்திட்டம் ஒரு குறையையும் வெளிப்படுத்தியது. ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரே காலத்தில் எழுந்ததால் மணல், கல், மரம், கூலி ஆகியவற்றின் விலை உயர்ந்தது. கொடைத்தொகை போதாமல் பலர் கடன் வாங்கினர். சிலர் தகுதிக்கு மீறிய அளவில் அடித்தளம் இட்டனர். உழைக்கும் ஆண் துணையுள்ள குடும்பம் கூலியை மிச்சப்படுத்தியது. முதியவரோ தனித்த பெண்ணோ தலைமை தாங்கிய குடும்பம் ஒவ்வொரு வேலைக்கும் பணம் கொடுத்தது. ஆகவே ஒரே அளவான உதவி, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவான பயனைத் தரவில்லை.

கடன் என்னும் கண்ணி

வீடு எழுந்தது, வருவாய் எழவில்லை. இந்த இடைவெளியில் நுழைந்தது நுண்கடன். போருக்குப்பின் வடக்கு, கிழக்கு ஊர்களுக்கு நிதி நிறுவனங்கள் விரைந்து வந்தன. பிணையாக நிலமோ நகையோ வேண்டியதில்லை. பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர்க்கொருவர் பொறுப்பேற்றால் போதும். வாரந்தோறும் தவணை தண்டப்பட்டது.

வட்டியின் உயர்வு மட்டுமே இதன் இடர் அன்று. கடன் வாங்கிய பணம் ஈட்டும் தொழிலில் இடப்படும்போதே தவணை செலுத்த வருவாய் கிட்டும். சாலையும் சந்தையும் முழுமையாக மீளாத ஊரில் கோழி வளர்த்தாலும் பலகாரம் சுட்டாலும் வாங்குவோர் சிலரே. அப்பணமோ பல வீடுகளில் கூரைக்கும் மருத்துவத்துக்கும் பழைய கடனுக்கும் செலவானது. ஒரு நிறுவனத்தின் தவணைக்காக மற்றொரு நிறுவனத்தில் கடன் வாங்கும் நிலை உருவாயிற்று. 2018ஆம் ஆண்டில் இலங்கை அரசு, வறட்சி தாக்கிய 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த ஓர் இலட்சம் ரூபாய்க்குக் குறைவான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. ஆண்டு வட்டிக்கும் 35 விழுக்காடு என உச்சவரம்பு குறித்தது. உச்சவரம்பே 35 விழுக்காடு எனின், அதற்கு முன்னைய சுமையை உணர்ந்துகொள்ளலாம்.

எண்கள் உரைப்பவை

இலங்கையின் தொகைமதிப்பு, புள்ளிவிவரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான, செலவு ஆய்வு இந்நிலையை எண்களால் காட்டுகிறது. 2012/13இல் நாட்டின் மக்களுள் 6.7 விழுக்காட்டினர் வறுமைக்கோட்டின் கீழ் இருந்தனர். இறுதிப்போர் நிகழ்ந்த முல்லைத்தீவிலோ அது 28.8 விழுக்காடு. 2016இல் நாட்டின் அளவு 4.1 விழுக்காடாகவும் முல்லைத்தீவின் அளவு 12.7 விழுக்காடாகவும் குறைந்தன. ஆனால் அதே காலத்தில் அண்டை மாவட்டமான கிளிநொச்சியில் வறுமை 12.7 விழுக்காட்டிலிருந்து 18.2 விழுக்காடாக உயர்ந்தது.

இரணைமடுக் குளத்தின் நீரும் வளமான வயல்களும் உள்ள மாவட்டம் கிளிநொச்சி. அங்குச் சாலைகள் புதுப்பிக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியக் கடனுதவியால் மீண்டும் யாழ்ப்பாணம் சென்ற யாழ்தேவி, கிளிநொச்சியைக் கடந்தே சென்றது. கண்ணுக்குத் தெரியும் மீள்கட்டமைப்பு நடந்த ஓர் இடத்திலும் வீடுகளின் வறுமை கூடக்கூடும் என்பதே இவ்வெண்கள் தரும் எச்சரிக்கை. சிறிய மாவட்டங்களின் மாதிரிக் கணக்கெடுப்பில் ஏற்ற இறக்கம் இயல்பே. ஆயினும், கட்டுமானப் பணிகள் தரும் கூலி அப்பணிகளோடு முடிந்துவிடும் என்பதையும், நிலைத்த தொழிலே நிலைத்த வருவாய் தரும் என்பதையும் மறுக்க இயலாது.

மீளும் வழி

மேற்கண்டவற்றிலிருந்து ஒரு தெளிவு பிறக்கிறது. போர் ஒரு குடும்பத்திடமிருந்து பறிப்பது பணத்தை மட்டுமன்று. பணம் ஈட்டும் வழிகளையும், தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் உரிமையையும் அது பறிக்கிறது. ஆகவே அவ்வழிகளையும் உரிமையையும் மீட்டுத் தரும் உதவியே வறுமையைத் தீர்க்கும். நிவாரண அரிசி முதல் நாளுக்கு இன்றியமையாதது. ஆயிரமாவது நாளிலும் அரிசி மட்டுமே வருமாயின் உதவி தவறிவிட்டது என்பது பொருள். வீடு தரும் திட்டம் வேலையையும் எண்ணவேண்டும். கடன் தரும் திட்டம் சந்தையையும் எண்ணவேண்டும். நிலம் திருப்பித் தரப்படும்போது, அதற்குரிய ஆவணமும் அதற்குச் செல்லும் சாலையும் உடன்வரவேண்டும்.

உதவி என்றும் ஒரே திசையில் செல்வதன்று. 2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் சிக்கியபோது, தமிழ்நாடு சட்டமன்றத் தீர்மானத்தின்படி 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் மருந்துகளும் அனுப்ப முடிவு செய்யப்பட்டது. சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கப்பல்கள் புறப்பட்டன. அவை தமிழர்க்கு மட்டுமன்றி, அந்நாட்டு மக்கள் அனைவருக்குமாகச் சென்றன. இனத்தால் பிளவுண்டு போரிட்ட நாட்டில், பசியை மட்டுமே அளவாகக் கொண்டு பகிர்வது அமைதிக்கும் செய்யும் உதவியாகும்.

பாவூர்சத்திரம் சந்தையில் நாள்தோறும் விடியற்காலையில் மூட்டைகள் இறங்குகின்றன, விலை பேசப்படுகிறது, வண்டிகள் கிளம்புகின்றன. அங்கு வெங்காயம் விற்கும் உழவர் எவரும் தம்மைச் செல்வர் என்று கூறிக்கொள்ளார். ஆனால் திறந்த சாலையும், மாறாத எல்லைக்கல்லும், மாலையில் வீடு திரும்பும் பிள்ளையும் அவருக்கு உண்டு. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் மீண்டும் வெங்காயம் நடும் உழவர் ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டிருப்பவையும் இவையே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பம் அல்லது அண்டைக் குடும்பம் ஒன்றின் வருவாய் எவற்றையெல்லாம் சார்ந்துள்ளது எனப் பட்டியலிடுக. அவற்றுள் அமைதியால் மட்டுமே நிலைத்திருப்பவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.

2. ‘வீட்டைக் கட்டித் தருவது சிறந்ததா, வீடு கட்டப் பணம் தருவது சிறந்ததா?’ என்னும் தலைப்பில் இரு அணிகளாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. ‘அகதி’, ‘ஏதிலி’, ‘மறுவாழ்வு’ ஆகிய சொற்களின் பொருள் வேறுபாட்டை அகராதியின் துணைகொண்டு விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.